தண்ணீரால் ஆன கதவு

தண்ணீரால் ஒரு கதவு செய்ய முடியுமா? முடியும். அப்படி ஒரு கதவு உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ இந்த நிமிடமும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதற்குக் கீலும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. பொருள்கள் அதைக் கடந்து ஒரு பக்கமாகப் போகும். ஆனால் மறுபக்கத்துக் காற்று அதைக் கடந்து வராது.

கழிப்பறைப் பீங்கானின் அடியில் எப்போதும் சிறிது தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வடியாமல் தப்பிப்போன நீர் என்று அதை எண்ணிவிடாதீர்கள். அது வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்பட்ட நீர். அதுதான் நாம் சொன்ன கதவு. இதற்கு 'நீர் அடைப்பு' என்று பெயர். கழிப்பறையின் மற்ற உறுப்புகள் எல்லாம் இந்தச் சிறு நீரைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. ஒவ்வோர் உறுப்பாகக் காண்போம்.

வளைவின் வேலை

நம் நாட்டு முறைக் கழிப்பறையில் உட்காரும் பீங்கானைக் கொத்தனார்கள் 'பான்' என்பார்கள். அதன் அடியில் பொருத்தும் வளைந்த துண்டு 'டிராப்'. வெளியேறும் முனை பக்கவாட்டில் போனால் 'பி டிராப்'. நேர் கீழே இறங்கினால் 'எஸ் டிராப்'. ஆங்கில எழுத்துகளின் வடிவத்தால் வந்த பெயர்கள் இவை. மேலைநாட்டு முறைக் கோப்பையில் இந்த வளைவு தனித் துண்டாக இராது. கோப்பையோடு சேர்ந்தே இருக்கும்.

வளைவு முதலில் கீழே இறங்கி, பிறகு மேலே ஏறி, அதன் பிறகே வெளியே போகிறது. ஆகவே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கடைசியில் வரும் நீர் அந்தப் பள்ளத்தில் தங்கிவிடும். சாதாரண டிராப்பில் இந்த அடைப்பின் ஆழம் 5 செ.மீ. அதற்கு அப்பால் இருப்பது சாக்கடைக் குழாய் அல்லது செப்டிக் டேங்க். அங்கிருந்து கிளம்பும் வாயுக்களும், கரப்பான் பூச்சிகளும், கொசுக்களும் இந்த 5 செ.மீ. தண்ணீரைத் தாண்ட முடியாமல் நின்றுவிடுகின்றன.

வளைந்த குழாயில் நீரைத் தேக்கி நாற்றத்தைத் தடுக்கும் முறைக்கு 1775-ஆம் ஆண்டில் இலண்டனில் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங். தொழிலால் அவர் ஒரு கடிகாரக்காரர். நுட்பமான சக்கரங்கள் செய்யத் தெரிந்த அவர், இதற்கு ஒரு சக்கரத்தையும் பயன்படுத்தவில்லை. குழாயை வளைத்ததோடு சரி.

கதவு எப்போது திறந்துகொள்ளும்?

5 செ.மீ. உயரமுள்ள நீர்த்தம்பம் ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பின் மேலும் 5 கிராம் எடையளவே அழுத்தும். நம்மைச் சுற்றியுள்ள காற்றோ ஒரு சதுர செ.மீ. மேல் ஏறக்குறைய 1,030 கிராம் அழுத்துகிறது. அதாவது நம் கதவின் வலிமை காற்றழுத்தத்தில் சுமார் 200-இல் ஒரு பங்குதான்!

இதை ஒரு சோதனையால் அறியலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் குழாய் போன்றது போதும். அதை ஊசல் போல நடுவில் தொங்கவிட்டு, இரு முனைகளையும் மேலே கட்டுங்கள். இரு கைகளிலும் அடியிலிருந்து 5 செ.மீ. உயரம் நிற்கும்படி சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையில் வாய் வைத்து மிக மெதுவாக ஊதுங்கள். ஊதும் பக்கம் நீர் இறங்கும், மறுபக்கம் ஏறும். இன்னும் சற்றே ஊதினால் நீரின் ஊடே குமிழிகள் 'களக் களக்' என்று புறப்பட்டுவிடும். கதவு திறந்துவிட்டது! அதற்கு உங்கள் மூச்சே போதுமானதாக இருந்தது அல்லவா?

கழிவுக் குழாயிலும் இதேபோல் நடக்கலாம். மாடியிலிருந்து பெருமளவு தண்ணீர் ஒரே வேகத்தில் விழும்போது அது உந்துதண்டு போலச் செயல்படுகிறது. தனக்கு முன்னால் உள்ள காற்றை நெருக்குகிறது. பின்னால் உள்ள காற்றை இழுக்கிறது. இந்த நெருக்கலும் இழுப்பும் கீழ் வீட்டு டிராப்பின் நீரைக் கலைத்துவிடக்கூடும். இதைத் தடுக்கத்தான் வென்ட் பைப் எனப்படும் காற்றுக் குழாய் வைக்கிறார்கள். வீட்டுக் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குழாய் நாற்றத்தை உயரத்தில் விடுவதற்காக மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் இன்னொரு பெரும் வேலை, குழாய்க்கு உள்ளும் புறமும் காற்றழுத்தத்தைச் சமமாக வைப்பது. ஆகவே அதன் வாயைத் துணியாலோ சிமென்டாலோ அடைத்துவிடக் கூடாது. கொசு வராமல் வலை கட்டலாம்.

கதவுக்கு இன்னோர் எதிரி ஆவியாதல். கோடை விடுமுறையில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வந்தால் கழிப்பறையில் கெட்ட நாற்றம் அடிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். டிராப்பின் நீர் வற்றியிருக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் கதவு மறுபடியும் மூடிக்கொள்ளும்.

தொட்டியின் வேலை

கதவின் வழியே கழிவு போக வேண்டுமானால் நீருக்கு வேகம் வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை மக்கு மக்காக ஊற்றிப் பாருங்கள். நீர் மேலாக வழிந்து போகும். கனமான பொருள் அங்கேயே கிடக்கும். அதே வாளியை ஒரே வீச்சில் ஊற்றினால் எல்லாம் போய்விடும். நீரின் அளவு ஒன்றுதான். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்று படித்திருக்கிறீர்கள். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு.

இந்த வேகத்தைத் தருவதற்கே பிளஷ் தொட்டி. தலைக்கு மேலே சங்கிலியோடு இருக்கும் பழைய இரும்புத் தொட்டியைப் பழைய கட்டடங்களில் பார்த்திருக்கலாம். அதன் நடுவில் ஒரு நிமிர்ந்த குழாயும், அதன் மேல் கவிழ்த்த மணி போன்ற ஓர் உறுப்பும் இருக்கும். சங்கிலியை இழுத்தால் மணி உயரும். விட்டால் 'தொப்'பென்று விழும். விழும்போது அடியிலுள்ள நீரை நிமிர்ந்த குழாயின் விளிம்புக்கு மேல் தள்ளிவிடும். அவ்வளவுதான் நம் கை செய்யும் வேலை. மீதியை வடிகுழாய்த் தத்துவம் செய்கிறது. மண்ணெண்ணெய் டின்னிலிருந்து குழாய் வழியே எண்ணெய் எடுப்பது போல, ஒரு முறை வழிய ஆரம்பித்த நீர் தொட்டி காலியாகி மணிக்கடியில் காற்று புகும் வரை நிற்காது. இப்போது விற்கும் பிளாஸ்டிக் தொட்டிகள் பலவற்றில் வடிகுழாய் இல்லை. பொத்தானை அழுத்தினால் அடியிலுள்ள ரப்பர் மூடி தூக்கிக்கொள்கிறது. இரண்டு பொத்தான்கள் இருந்தால் ஒன்று முழுத் தொட்டிக்கு, மற்றொன்று ஒரு பகுதிக்கு.

காலியான தொட்டி தானே நிரம்பித் தானே நின்றுவிடுகிறதே, எப்படி? அது மிதவை வால்வின் வேலை. பந்து போன்ற மிதவை ஒரு நீண்ட கம்பியின் முனையில் இருக்கிறது. கம்பியின் மறுமுனை, நீர் வரும் சிறு துளையை ஒரு வாஷரால் அடைக்கிறது. 11 செ.மீ. விட்டமுள்ள மிதவை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு ஏறக்குறைய 700 கன செ.மீ. பாதி மூழ்கினால் மேல்நோக்கு விசை 350 கிராம். மிதவையின் எடை 100 கிராம் என்று கழித்தால் மிஞ்சுவது 250 கிராம். கம்பி 10-க்கு 1 என்ற விகிதத்தில் நெம்புகோலாக இருந்தால் வாஷரை அழுத்தும் விசை 2,500 கிராம். எதிர்த்து நிற்பது எவ்வளவு? மொட்டை மாடித் தொட்டி 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 500 கிராம். துளையின் விட்டம் 5 மி.மீ. என்றால் பரப்பு சுமார் 0.2 சதுர செ.மீ. ஆகவே எதிர் விசை 100 கிராம்தான். மிதவை எளிதில் வெல்கிறது. அப்படியும் தண்ணீர் நிற்காமல் ஒழுகினால், வாஷர் தேய்ந்திருக்கும், மணல் சிக்கியிருக்கும், அல்லது மிதவைக்குள் நீர் புகுந்திருக்கும்.

தொட்டி ஒழுகுகிறதா என்று தெரிந்துகொள்ள, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் சிறிது தொட்டியில் கலந்து அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பானில் நீலம் தெரிந்தால் ஒழுகல் இருக்கிறது. 10 நிமிடத்திற்கு 1 லிட்டர் ஒழுகினாலும் ஒரு நாளைக்கு 144 லிட்டர் வீண்!

விருத்தாசலத்து மண்

இனி, இந்தக் கதவின் நிலைச் சட்டம் எதனால் ஆனது என்று பார்ப்போம். மணிமுத்தாற்றங்கரையில் உள்ள விருத்தாசலம், பழைய கோயிலுக்குப் பெயர் பெற்றது போலவே பீங்கானுக்கும் பெயர் பெற்ற ஊர். இவ்வூரில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்தைப் பட்டயப் படிப்பாகக் கற்பித்த அரசுக் கல்வி நிலையமும் இங்கு அமைந்தது. மின்சார பியூஸ் கட்டை, பொம்மை, விளக்கு, கழிப்பறைச் சாமான் என்று பலவும் இங்குள்ள சிறு தொழிற்கூடங்களில் உருவாகி வந்திருக்கின்றன. கிழக்கே உள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண் அடுக்குகளில் வெள்ளைக் களிமண் உண்டு. பீங்கானுக்கு முதல் தேவை அதுதான்.

மண்பானையில் வைத்த தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதேன்? பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான். பானைக்கு அது நற்குணம். கழிப்பறைக்கோ அதே குணம் பெருங்கேடு. கழிவு நீர் துளைகளில் ஊறிவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் நாற்றம் போகாது. நன்றாகச் சுட்ட செங்கல்கூடத் தன் எடையில் 100-க்கு 10 முதல் 20 பங்கு வரை நீரை உறிஞ்சும். கழிப்பறைப் பீங்கான் 100-க்கு அரைப் பங்குக்கு மேல் உறிஞ்சக் கூடாது என்பது தர விதி. ஒரே களிமண் குலத்தில் பிறந்த இரண்டுக்கும் இத்தனை வேறுபாடு எப்படி வந்தது?

வெள்ளைக் களிமண்ணோடு படிகக்கல்லையும் பெல்ஸ்பார் என்ற கனிமத்தையும் மாவாக அரைத்து நீர் சேர்த்துக் குழம்பாக்குகிறார்கள். மிகச் சிறிதளவு சோடியம் சிலிகேட் சேர்த்ததும் கெட்டிக் குழம்பு இளகி ஓடும். களிமண் துகள்கள் ஒரே வகை மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்குவதே காரணம். இந்தக் குழம்பைப் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு ஒரு மைஒற்றுத் தாள் போல நீரை உறிஞ்சிக்கொள்ள, அதன் சுவரை ஒட்டிக் களிமண் படிகிறது. வேண்டிய கனம் ஏறியதும் மிச்சக் குழம்பைக் கொட்டிவிடுகிறார்கள். குயவரின் சக்கரத்தில் உருண்டையான பானையை வனையலாம். உள்ளே வளைந்து நெளியும் டிராப்பை வனைய முடியாது. அச்சு வார்ப்புதான் அதற்கு வழி.

இங்கே ஒரு கணக்கு உண்டு. படியும் கனம் காலத்தின் இருமடி மூலத்தைப் பொறுத்தது. 5 மி.மீ. கனம் படிய 30 நிமிடம் ஆனால் 10 மி.மீ. படிய 60 நிமிடம் அன்று, 120 நிமிடம் ஆகும். ஏற்கெனவே படிந்த களிமண்ணே பின்னால் வரும் நீருக்குத் தடையாக நிற்கிறது அல்லவா?

காய்ந்த பண்டம் கண்ணாடிப் பூச்சு பெற்றுச் சூளைக்குப் போகிறது. 500 முதல் 600 டிகிரி செல்சியசுக்குள் களிமண்ணில் வேதி முறையில் கட்டுண்ட நீரும் வெளியேறிவிடும். 1,200 டிகிரியை நெருங்கும்போது பெல்ஸ்பார் உருகித் துளைகளை நிரப்புகிறது. ஆறியபின் அது கண்ணாடியாக இறுகி, படிகக்கல்லையும் களிமண்ணையும் பிணைத்துவிடுகிறது. ஆறவைப்பதிலும் பொறுமை தேவை. 573 டிகிரியில் படிகக்கல்லின் கன அளவு திடீரென்று மாறும். அவசரப்பட்டால் பண்டம் வெடிக்கும். காய்வதிலும் சுடுவதிலும் பண்டம் சுருங்குகிறது. மொத்தச் சுருக்கம் 100-க்கு 10 என்று வைத்துக்கொண்டால், 58 செ.மீ. பானுக்கு அச்சு 64.4 செ.மீ. இருக்க வேண்டும்.

இரண்டு லிட்டரில் ஒரு விடுதலை

தொட்டி வைத்த கழிப்பறை ஒவ்வொரு முறையும் 10 லிட்டர் வரை கேட்டால், தண்ணீரைக் குடத்தில் சுமந்து வரும் வீட்டில் என்ன செய்வது? இதற்கு விடை பானின் வடிவத்தில் இருந்தது. சரிவை 25 டிகிரிக்கு மேல் செங்குத்தாக்கி, டிராப்பின் நீர் அடைப்பை 5 செ.மீ.யிலிருந்து 2 செ.மீ.யாகக் குறைத்தார்கள். ஒன்றரை முதல் 2 லிட்டர் தண்ணீரைக் கையால் ஊற்றினாலே போதும் என்றாயிற்று. இத்தகைய கழிப்பறையை இரண்டு குழிகளோடு சேர்த்து நாடெங்கும் பரப்பியவர்களில் முதன்மையானவர் பிந்தேஷ்வர் பாடக். 1970-இல் பீகாரில் அவர் தொடங்கிய அமைப்பே சுலப்.

இரண்டு குழிகள் எதற்கு? பானிலிருந்து வரும் குழாய் கவட்டை போலப் பிரிந்து இரு குழிகளுக்கும் போகிறது. ஒன்றை அடைத்து மற்றொன்றைப் பயன்படுத்துவார்கள். அது நிரம்பியதும் வழியை மாற்றிவிடுவார்கள். மூடிய குழி இரண்டு ஆண்டுகள் சும்மா இருந்தால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத உரமாகிவிடும். நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் மடிந்துவிடும். குழியின் சுவரில் இடைவெளிகள் விட்டுக் கட்டுவதால் நீரும் வாயுவும் மண்ணில் கலந்துவிடுகின்றன. ஆகவே காற்றுக் குழாயும் தேவையில்லை. கிணற்றிலிருந்து குழி குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடங்களில் இன்னும் தள்ளியிருப்பது நல்லது.

இது வெறும் தண்ணீர்ச் சிக்கனம் அன்று. நீர் அடைப்பு இல்லாத உலர் கழிப்பிடங்களில் மலத்தை மனிதர் கையால் அள்ளித் தலையில் சுமந்தார்கள். குறிப்பிட்ட சாதிகளில் பிறந்த காரணத்தால் மட்டுமே அந்த வேலை அவர்கள்மேல் சுமத்தப்பட்டது. உலர் கழிப்பிடம் கட்டுவதையும் அதற்கு ஆள் வைப்பதையும் தடுக்க 1993-இல் சட்டம் வந்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதை இன்னும் விரிவாக்கி, தக்க பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதையும் தடை செய்தது. சட்டம் சொல்வதைச் சாத்தியமாக்குவது அந்த வளைந்த பீங்கான் துண்டும் சரியாகக் கட்டிய குழியும்தான்.

ஆயினும் செப்டிக் டேங்கில் இறங்கியவர்கள் இறந்த செய்தி இன்றும் வருகிறது. காரணம் என்ன? காற்றில்லாத தொட்டியில் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானாலோ மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். 'நாற்றம் இல்லை, இறங்கலாம்' என்று எண்ணுபவர் ஏமாந்துபோகிறார். அது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் விழுகிறார். ஆகவே எவரையும் இறங்க விடாதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். உடனே 101-க்குத் தொலைபேசி செய்து தீயணைப்புத் துறையை அழையுங்கள். தொட்டியைக் காலி செய்ய உறிஞ்சு வண்டி இருக்கிறது, மனிதர் வேண்டாம்.

இன்னோர் எச்சரிக்கையும் தேவை. கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். தினமும் தேய்த்துக் கழுவும் பீங்கானுக்கு அமிலமே அவசியமில்லை. அதன் கண்ணாடிப் பூச்சு அழுக்கை எளிதில் விட்டுவிடும்.

உங்கள் பள்ளிக் கழிப்பறைக்குப் போய் ஒரு நிமிடம் கவனித்துப் பாருங்கள். டிராப்பில் நீர் நிற்கிறதா? காற்றுக் குழாய் திறந்திருக்கிறதா? தொட்டி ஒழுகுகிறதா? குறை இருந்தால், எந்த உறுப்பில் என்ன கோளாறு என்று குறிப்பிட்டுத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். 'நாற்றம் அடிக்கிறது' என்று சொல்வதைவிட 'டிராப்பில் நீர் நிற்கவில்லை' என்று சொன்னால் வேலை விரைவில் நடக்கும்.

சிந்தியுங்கள்

1. தலைக்கு மேலே உள்ள தொட்டியின் பிளஷ் குழாயைவிடத் தாழ்வான தொட்டியின் குழாய் சற்று அகலமாக இருக்கும். ஏன்?

2. நீர் அடைப்பை 5 செ.மீ.க்குப் பதிலாக 20 செ.மீ. வைத்தால் வாயு இன்னும் நன்றாகத் தடைபடும். அப்படிச் செய்யாததற்குக் காரணம் என்ன?

3. உடைந்த பூந்தொட்டி ஓடு ஒன்றையும் கழிப்பறைச் சுவருக்கு ஒட்டும் ஓட்டின் துண்டு ஒன்றையும் நன்கு காயவைத்து எடை போடுங்கள். ஒரு நாள் நீரில் ஊறவைத்து, ஈரத்தைத் துடைத்து மறுபடியும் எடை போடுங்கள். ஒவ்வொன்றும் 100-க்கு எத்தனை பங்கு நீரை உறிஞ்சியது? பான் செய்ய எது தகும்?